நகல் என்று சொல்வதற்கு முன்

நேற்று நம் கார் பிரியர்கள் குழுவில் வந்த 'சேகரிக்க வேண்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்' பட்டியலைப் பற்றித்தான். முழுக்க ஜெர்மன் வண்டிகள். அது அவரவர் விருப்பம், விட்டுவிடலாம். ஆனால் ஜப்பான் வண்டிகளை "எல்லாம் நகல், காசில்லாதவன் வாங்கும் போர்ஷே" என்று எழுதியதையும், அதற்கு விழுந்த சிரிப்புகளையும் என்னால் விட முடியவில்லை.

நகலா? ஜப்பானின் மஸ்டா நிறுவனம் செய்த காஸ்மோ காரை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது வாங்கெல் ரோட்டரி எஞ்சின்; மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனுக்குப் பதில் முக்கோணத் துண்டு ஒன்று உள்ளே சுழலும். அது ஜெர்மனியில் பிறந்தது, உண்மை. என்எஸ்யு என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் உரிமம் வாங்கித்தான் மஸ்டா தொடங்கியது. ஆனால் அந்த எஞ்சின் ஓட ஓட உள்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. சுழலும் முக்கோணத்தின் முனையில் வாயு கசியாமல் அடைக்கும் சீல் அதிர்ந்து சுவரைச் சுரண்டிவிடும். 'பிசாசின் நகக்கீறல்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். மஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, கார்பனில் அலுமினியம் ஏற்றி சீல் செய்து, 1967இல் காஸ்மோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வருடம் என்எஸ்யுவும் ரோட்டரி எஞ்சினோடு ஆர்ஓ 80 என்ற காரை இறக்கியது. சீல் தேய்ந்து, வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நொந்துபோன அந்த நிறுவனம் 1969இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. மஸ்டாவோ 1991இல் ரோட்டரி எஞ்சினோடு பிரான்ஸில் 24 மணி நேரம் ஓடும் லெ மான் பந்தயத்தையே வென்றது. இதன் பெயர் நகலா?

"மஸ்டா ஒரு விதிவிலக்கு" என்பீர்கள். சரி, இன்னொரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், டாட்சன் 240இசட். 1971 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் போர்ஷே 911களும் ஓடின. வென்றது 240இசட். ஓட்டியவர் எட்கர் ஹெர்மன், ஜெர்மனியில் பிறந்தவர். 1973இலும் 240இசட்தான். பலமுறை முயன்றும் 911க்கு அந்த ராலி கிட்டவேயில்லை.

"துருப்பிடிக்குமே?" பிடிக்கும். துத்தநாகப் பூச்சு வரும்வரை 911உம் பிடித்தது.

"ஏல விலை?" டொயோட்டா 2000ஜிடி 2013இலேயே பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் விலையை வைத்துத்தான் வண்டிக்கு மரியாதை என்றால் நாம் பேசுவது வண்டியைப் பற்றியே இல்லை.

911ஐ நான் வெறுக்கவில்லை. வேலை பார்ப்பது ஷ்டுட்கார்ட்டில், அது பிறந்த ஊரில். இங்கே பழைய வண்டிகள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நரைத்த தலையோடு ஒரு 911 சொந்தக்காரர் பக்கத்தில் நின்ற 240இசட்டின் பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்த ஆறு சிலிண்டர் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கார்புரேட்டர் ட்யூனிங் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினார்கள். போர்ஷே வைத்திருப்பவருக்கே இல்லாத இளக்காரம் நம் ஆட்களுக்கு எங்கிருந்து வருகிறது? வலிக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

"சொந்தமாக ஒன்றும் இல்லாதவன் ஏன் பேச வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த வண்டிகளில் எதையும் வாங்கும் நிலையில் நான் இல்லை. பள்ளி நாளிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த சீல் ஏன் அதிர்ந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று சொல்ல வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டுமா? அதைத்தான் ஒரு வசைச்சொல் இல்லாமல் அங்கே கமெண்டாகப் போட்டேன். இரவோடு இரவாக நீக்கிவிட்டீர்கள். அதில் எந்த வரி தவறு என்றாவது சொல்லியிருக்கலாம்.