எண் மாற்றம் வேறு, இணைப்புத் துண்டிப்பு வேறு
செல்போன் இணைப்பை விடுவது பற்றிய கட்டுரையில், 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எந்த செல்போன் நிறுவனத்தையும் உதறிவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது, எண்ணை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு மாறுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கும் போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது. இணைப்பே வேண்டாம் என்பவர்களுக்கு அந்த வழி உதவாது. என் தந்தை காலமான பிறகு அவருடைய இணைப்பைத் துண்டிக்கக் கோரியபோது, சேவை மையத்தில் பேசிய பெண், இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரே பேச வேண்டும் என்றார். அவர் இறந்துவிட்டார் என்று சொன்ன பிறகும், மாத வாடகையைக் குறைத்துத் தரட்டுமா என்று (பாவம், அந்தப் பெண்ணுக்குப் பேச எழுதிக்கொடுத்தது அவ்வளவுதான்) கேட்டார். இறப்புச் சான்றிதழ் நகலுடன் இரண்டு முறை அவர்களுடைய கடைக்கு அலைந்து, மூன்றாவது முறை ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்த பின்னும், அடுத்த மாதம் அப்பா பெயருக்கே பில் வந்தது.