ஒரே சட்டம் என்றால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை நீக்குங்கள்

"ஒரே நாடு, ஒரே சட்டம்" என்று இலங்கையில் 2021இல் ஜனாதிபதிச் செயலணியே அமைத்தார்கள். பேச்செல்லாம் முஸ்லிம் விவாகச் சட்டத்தையும், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையையும் சுற்றியே இருந்தது. குற்றவியல் சட்டந்தான் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை முதல் எல்லோருக்கும் பொதுவாயிற்றே என்ற நினைப்புப் போலும்.

பொதுவாகத்தான் இருக்க வேண்டும். களவு ஏறாவூரிலும் களவுதான், காலியிலும் களவுதான். கல்லாற்றில் பிடிபட்டவனுக்கு ஒரு விசாரணை, கண்டியில் பிடிபட்டவனுக்கு இன்னொரு விசாரணை என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதனால்தான் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

சாதாரண வழக்கில், பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் தந்த பாதுகாப்பு அது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் செல்லும் என்கிறது. அடித்து வாங்கினார்கள் என்றால் அதைக் கைதியே நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவன் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்?

சிங்கராசா வழக்கு நம் மட்டக்களப்பு வழக்கு. 1993இல் சுற்றிவளைப்பில் பிடிபட்ட இளைஞர் அவர். தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆகியது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகச் சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அதை வைத்துத் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது.

அந்தப் பெருவிரலை நினைத்தாலே எனக்குப் பக்கத்து வீட்டு மாமி நினைவுக்கு வருகிறார். சென்ற மாரியில் அவருடைய இரண்டு பசுக்கள் களவு போயின. முறைப்பாடு கொடுக்க நானும் கூடப் போனேன். மாமி தமிழில் சொல்லச் சொல்ல, உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். ஒன்றரைப் பக்கம். கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மாமி பேனையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் வாசிக்கத் தெரியாது. வைத்துவிட்டு வந்தார். மாட்டைப் பறிகொடுத்தவருக்கே கை நடுங்கியது.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு காத்தான்குடி முஸ்லிம் குடும்பங்களும் இந்தச் சட்டத்தின் சூட்டை அறிந்துகொண்டன. "தற்காலிக ஏற்பாடுகள்" என்று பெயரிட்டு 1979இல் கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2022இல் திருத்தியபோது தடுத்துவைக்கும் காலம் 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. 16ஆம் பிரிவில் கைவைக்கவில்லை.

செயலணி அமைக்கிறவர்கள் முதலில் அந்தப் பிரிவை நீக்கட்டும். அதன்பிறகு தேசவழமையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நானும் வருகிறேன்.