தெரேசியாவின் அண்ணன்

பத்தாம் வகுப்புக்கு, மரபியலின் தந்தை மெண்டல் பற்றிய பாடம் நடத்தும்போது அவர் வீட்டுக் கதை ஒன்று சொல்வது என் வழக்கம். படிக்கக் காசில்லாமல் தவித்த அண்ணனுக்கு, தன் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த தங்கச்சியின் கதை. இந்த வருஷம் சொல்லி முடித்ததும் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "அந்தத் தங்கச்சிக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சா சார்?"

எத்தனையோ வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். எனக்கு ஒருநாளும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. "பாத்துட்டு வந்து சொல்றேம்மா" என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

மெண்டல் என்றதும் நமக்குத் தெரிந்தது 3:1, கலப்புப் பட்டாணியின் அடுத்த தலைமுறையில் ஒரு குணம் மூன்று பங்கும் மற்றது ஒரு பங்குமாக வரும் கணக்கு. அதற்கு மேல் கேட்டால், மடத்துத் தோட்டத்தில் தன்னந்தனியாகப் பட்டாணி எண்ணிக்கொண்டிருந்த சாமியார், உலகம் கண்டுகொள்ளவில்லை, செத்த பிறகு புகழ் வந்தது. அவ்வளவுதான். அந்தத் 'தன்னந்தனியாக' என்பதில்தான் எனக்கு இப்போது சண்டை.

யோஹான் மெண்டல் 1822-இல் பிறந்தது ஹைன்சென்டார்ஃப் என்ற சின்ன ஊரில். அன்றைக்கு ஆஸ்திரியப் பேரரசு, இன்றைக்குச் செக் நாடு. அப்பா அன்டன் விவசாயி. சொந்த நிலம் இருந்தும் வாரத்தில் 3 நாள் ஜமீனுக்கு வெட்டி வேலை. மிச்ச நேரத்தில் பழமரங்களுக்கு ஒட்டுக் கட்டுவார். மகன் கை வைத்துக் கற்ற முதல் தாவரவியல் அதுதான். ஓப்பாவா பள்ளியில் மகனுக்கு முழுச் சாப்பாட்டுக்குக் கட்ட வழியில்லை, அரைச் சாப்பாட்டுக்குத்தான் கட்டினார்கள். வண்டி கிடைக்கும்போது வீட்டிலிருந்து ரொட்டியும் வெண்ணெயும் போகும். 1838-இல் வெட்டி வேலையில் மரக்கட்டை உருண்டு அப்பாவின் நெஞ்சை நசுக்கியது. அதற்குப் பிறகு அவரால் பழையபடி உழைக்க முடியவில்லை. 1841-இல் நிலம் மூத்தவள் வெரோனிகாவின் கணவர் கைக்குப் போனது. மகனோ டியூஷன் எடுத்தும் கட்டுப்படியாகாமல், உடம்பு கெட்டு வீட்டில் வந்து படுத்துக் கிடந்தான்.

அப்போதுதான் கடைக்குட்டி தெரேசியா தன் பங்கை விட்டுக்கொடுத்தாள். அவளுக்கு வயது 12. எங்கள் பள்ளியில் அந்த வயசுப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

அந்தக் காசில் மெண்டல் ஓலோமோட்ஸ் நகரத்தில் படித்து முடித்து, 1843-இல் புரூனோ நகரத்து அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்தார். கிரெகோர் என்பது மடத்தில் வைத்த பெயர். தெய்வ அழைப்பு வந்து ஓடினார் என்று நான் எழுதப்போவதில்லை. சோற்றுக் கவலை இல்லாத இடம் வேண்டியிருந்தது என்பதை 1850-இல் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது. ஆனால் போன இடத்தில் விசுவாசமாக இருந்தார். நோயாளிகளைப் பார்க்கப் போகும் குருப்பணி கொடுத்தார்கள். அவர்கள் படும் வேதனையைப் பார்த்து இவரே படுத்துவிட்டார். மடத்தலைவர் நாப் நல்ல மனிதர், 'இது இவனுக்கு ஆகாது' என்று வாத்தியார் வேலைக்கு அனுப்பினார். ஆசிரியர் தகுதித் தேர்வில் மெண்டல் தேறவில்லை. 1850-இல் ஒரு தடவை, 1856-இல் இன்னொரு தடவை. (டெட் எழுதிவிட்டுக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

அதே 1856-இல்தான் பட்டாணிக் கலப்பைத் தொடங்கினார். அதற்கு முன்பே விதைக்காரர்களிடம் 34 ரகம் வாங்கி, 2 வருஷம் விதைத்துப் பார்த்து, அதில் 22-ஐ எடுத்துக்கொண்டார். மொட்டு விரியும் முன்னே பிரித்து மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பூச்சி வந்து கெடுக்காதபடி சின்னப் பையைக் கட்டிவிட வேண்டும். 8 வருஷத்தில் ஏறத்தாழ 28,000 செடிகள். உருண்டை விதை 5,474, சுருங்கல் விதை 1,850 என்று எண்ணி வைத்திருக்கிறார், கிட்டத்தட்ட அந்த 3:1. வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்கு அப்பாவின் ஒட்டுக்கத்திதான் ஞாபகம் வரும். விவசாயி வீட்டுப் பொறுமை இது, இடையில் படிக்கப் போன வியன்னா பல்கலைக்கழகம் அதற்குக் கணக்கும் இயற்பியலும் கற்றுக் கொடுத்தது.

மடம் ஒருபக்கம், தோட்டம் ஒருபக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அவருடைய ஈஸ்டர் பிரசங்கக் குறிப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்று நினைக்கும் இடம். மெண்டல் அங்கேயே நின்றுவிடுகிறார். தோட்டக்காரர் மண்ணைப் பக்குவப்படுத்தி விதை போடுவார் என்று ஆரம்பித்து, மண் விதைமேல் எப்படி வேலை செய்கிறது என்பதுவரை போகிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்கார்ந்து இதைக் கேட்டவர்கள் பாவம்.

1868-இல் மடத்தலைவர் ஆனார். ஆராய்ச்சிக்கு நேரம் குறைந்துபோனது. 1874-இல் மடங்கள்மேல் புது வரி வந்தபோது, அது அநியாயம், கட்டமாட்டேன் என்று சாகும்வரை நின்றார். அது பிடிவாதம் என்பதுதான் என் எண்ணம், அந்தக் காலத்தைப் பட்டாணிக்கோ, அவர் வளர்த்த தேனீக்கோ கொடுத்திருக்கலாம். ஆனால் கையில் காசு வந்ததும் அவர் முதலில் நினைத்தது யாரை என்று பார்த்தால் அந்தக் கோபம் போய்விடுகிறது.

தெரேசியாவுக்குக் கல்யாணம் ஆனது. மூன்று பையன்கள். மூன்று பேரையும் படிக்க வைத்தது மாமா மெண்டல். அவர்களில் இரண்டு பேர் மருத்துவர்கள் ஆனார்கள். சொந்த ஊரில் தீயணைப்பு நிலையம் கட்டவும் பணம் கொடுத்தார்.

1884 ஜனவரி 6-இல் மெண்டல் இறந்தார். இறுதிச் சடங்குப் பூசைக்கு இசை நடத்தியவர் லியோஷ் யானாச்செக், பின்னாளில் பெரிய இசையமைப்பாளர். மெண்டலின் தாள்களை மடத்திலேயே எரித்துவிட்டார்கள். 1900-இல் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்ற தாவர ஆராய்ச்சியாளர்கள் மூவரும் அவருடைய மரபு விதிகளைத் திரும்பக் கண்டெடுத்தபோது, அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல அதிகம் பேர் இல்லை.

1902-இல் அவர் பிறந்த ஊரில், அந்தத் தீயணைப்பு நிலையச் சுவரில், நினைவுப் பலகை திறந்தார்கள். அன்றைக்கு நினைவுரை நிகழ்த்தியவர் மருத்துவர் அலாய்ஸ் ஷிண்ட்லர். தெரேசியாவின் மகன்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவங்க அம்மாவும் அன்னைக்கு வந்திருந்தாங்களா சார்?" என்றாள்.

மறுபடியும் தேட ஆரம்பித்திருக்கிறேன்.