தஞ்சாவூர் போகிறவர்களே, ஒருக்கால் புள்ளமங்கையில் இறங்குங்கள்

ஆகஸ்ட் லீவு வந்தால் இங்கே கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் அரைவாசிச் சனம் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிடும். கட்டுநாயக்காவில் பிளேன் ஏறினால் ஒரு மணித்தியாலம், இறங்கியதும் வான் நிற்கும். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஓடி ஓடி முடித்து, பெரிய கோயில் நந்திக்கு முன்னால் குடும்பமாக ஒரு படம் எடுத்து, மிச்ச நேரத்துக்குக் கும்பகோணத்தில் சேலையும் பித்தளை விளக்கும். பரிகாரத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, அவரவர் மனக்கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த வான் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற அதே ரோட்டில், பசுபதிகோயில் என்ற ஊரில், சோழர் கல்வேலையிலேயே ஆகச் சிறந்தது என்று நான் நினைக்கிற ஒரு சின்னக் கோயிலைத் தாண்டிக்கொண்டு போகிறது. யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம்.

திருப்புள்ளமங்கை. சம்பந்தர் பாடிய ஆலந்துறை இதுதான். குடமுருட்டி ஆற்றுப் பக்கம், சுற்றவர வயலும் வாழையும். வெளியில் நின்று பார்த்தால் சாதாரண கிராமத்துச் சிவன் கோயில், அவ்வளவுதான். உள்ளே போய்க் கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றத் தொடங்கினால்தான் விஷயம் தெரியும். சோழ அரசன் முதலாம் பராந்தகன் (907–955) காலத்துக் கற்றளி, அதாவது கல்லாலேயே கட்டிய கோயில் அது, ராஜராஜன் 1010இல் முடித்த பெரிய கோயிலுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. பெரிய கோயில் உங்களை அண்ணாந்து பார்க்க வைக்கும். இங்கே நீங்கள் குந்தியிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல வேலையெல்லாம் அடியில்தான் இருக்கிறது: சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இராது, அதற்குள் இராமாயணக் காட்சிகள், ஆடுகிற உருவங்கள், கடவுளர் கதைகள். அந்தளவு சின்ன இடத்துக்குள் இடுப்பு வளைவும் கை நீட்டலும் துல்லியமாக நிற்கின்றன. கருங்கல்லில். ஒரு தட்டுப் பிழைத்தால் திருத்தவே முடியாத கல்லில். அப்படியே கண்ணை மேலே கொண்டுபோனால் கூரை விளிம்புக்குக் கீழே பூதகணங்களின் வரிசை, ஒன்றின் முகம் மற்றதற்கு இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரலாம், அலுக்காது.

வடபுறத்துத் துர்க்கையிடம் கொஞ்சம் கூட நேரம் நில்லுங்கள். எருமைத் தலையின் மேல் நிற்கிறாள், தலைக்கு மேலே குடை, ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் மான். கீழே இரண்டு பக்கமும் முழந்தாளிட்ட வீரர்கள். ஒருவன் தன் தலையையே அரிந்து கொடுக்கிறான், மற்றவன் தன் உடம்பைக் கீறிக் குருதி கொடுக்கிறான். இப்படித் தன்னையே அரிந்து பலி கொடுப்பதை நவகண்டம் என்று படித்திருப்போம், படிக்கிறது வேறு, ஒரு அடி தூரத்தில் நின்று பார்க்கிறது வேறு. இவ்வளவு நடக்கிறது, அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, உதட்டில் ஒரு மெல்லிய சிரிப்பு மாதிரி.

எங்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது, இலங்கையில் இருக்கிறவர்கள் அதை மறக்கக்கூடாது. பராந்தகனின் பட்டமே மதுரையும் ஈழமும் கொண்டவன் என்பது. தோற்ற பாண்டியன் ராஜசிம்மன் தன் மணிமுடியை இங்கே கொண்டுவந்து சிங்கள அரசனிடம் ஒப்படைத்துவிட்டுப் போக, அதைத் தேடிப் பராந்தகனின் படை வந்தது. மணிமுடி கிடைக்கவில்லை. பின்னால் ராஜேந்திரன் காலத்தில்தான், சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்தபோது, அது சோழர் கைக்குப் போனது. அப்புறம் பொலன்னறுவையில் அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம், ராஜேந்திரனின் தாயின் பெயரில், முழுக்கக் கல்லில், இன்றைக்கும் நிற்கிறது. அதை இரண்டாம் சிவாலயம் என்று பலகையில் வாசித்துவிட்டு, வெயில் என்று ஐந்து நிமிடத்தில் வானுக்குத் திரும்பிவிடுகிறோம். புள்ளமங்கையை வடிவாகப் பார்த்துவிட்டு வந்து பொலன்னறுவைக்குப் போங்கள், அந்தச் சுவரும் தூணும் தெரிந்த முகமாக இருக்கும்.

சரி, இங்கே கொழும்பில் நடப்பதற்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி என்று சொல்லிப் பழைய கல்தூண்களுக்கு எனாமல் பெயின்ட் அடித்தார்கள். தரைக் கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ். கேட்டால், சனம் பளபளப்பைத்தான் விரும்புகிறது என்கிறார்கள். எந்தச் சனம்? கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்துக்கு வருகிற சனம் எங்கள் சனம் இல்லையா? 1907இல் தொடங்கி 1912இல் கும்பாபிஷேகம் செய்து பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டியது, உள்ளே கல் கல்லாகவே இருக்கிறது, அந்தக் குளிர்ச்சிக்காகவே போய் உட்காருகிறவர்கள் எத்தனை பேர். தமிழ்நாட்டிலும் ஒன்றும் குறைவில்லை, மணலைப் பீச்சியடித்துச் சுத்தம் செய்கிறோம் என்று போய்க் கல்வெட்டு எழுத்தையே தேய்த்துவிட்ட கதைகள் அங்கே நிறைய. ஒரு எழுத்து தேய்ந்தால் எந்த ஊரார் எந்த விளக்கின் நெய்க்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்ற கணக்கு போய்விடுகிறது, வேறு எங்கும் அதற்குப் பிரதி கிடையாது.

கோயில் பரிபாலன சபைகளில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிகமாக இடம் மாற்றுகிற பாலஸ்தாபனத்துக்கு நாள் குறிக்க முதல், ஒவ்வொரு தூணையும் சுவரையும் படம் எடுத்து வையுங்கள், கல்வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். பெயின்ட் வாளி அதற்குப் பிறகு வரட்டும், வராவிட்டால் இன்னும் நல்லது.

போக நினைக்கிறவர்களுக்கு: தஞ்சாவூரிலிருந்து அரை மணித்தியாலம்தான். காலையிலேயே போங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதோடு சின்னச் சிற்பங்கள் சாய்ந்த வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். ட்ரைவரிடம் பசுபதிகோயில் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே போனவர்கள் யாரிடமாவது அந்த அடிவரிசைக் கட்டங்களின் தெளிவான படங்கள் இருந்தால் கீழே போடுங்கள், முக்கியமாக வடக்குச் சுவர்.