என் பிள்ளையின் தாடையைப் பிடித்தவர்களுக்கு

நம் மொரிஷியஸில் தைப்பூசக் காவடியன்று அன்னதானப் பந்தியில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்தாயிற்று. அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் மகன் பிரசாதத்தைத் துப்பினான் என்கிறீர்கள். அவன் துப்பவில்லை, வாந்தி எடுத்தான்.

அவனுக்கு ஆறு வயது. சட்டைக் காலரில் லேபிளை வெட்டாமல் போட்டுவிட்டால் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டே இருப்பான். குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். சோறு தின்பான், வெறும் சோறாக. டால் பூரி தின்பான், கறி எதுவும் தடவாமல், அதுவும் ஒரே கடையில் வாங்கினால். கொழகொழவென்று எது நாக்கில் பட்டாலும் குமட்டும். ஏழு கறி இலை எப்படியிருக்கும்? பூசணி, கத்தரி, பலா எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ரசம் ஓடிவந்து சோற்றில் கலந்து... நமக்கு அதுதான் ருசி. வருஷம் முழுக்க அதற்காகக் காத்திருப்பவள்தான் நானும். அவனுக்கோ அந்த இலையில் கைவைக்க இடமே இல்லை. அதனால்தான் டப்பாவில் வெறும் சோறு கொண்டுபோயிருந்தேன். நான் தண்ணீர் எடுக்க எழுந்த இரண்டு நிமிஷத்தில் ஒருவர் தாடையைப் பிடித்தார், ஒருவர் பூசணியை ஊட்டினார், ஒருவர் வீடியோ எடுத்தார்.

அது பிடிவாதம் இல்லை. அவன் உடம்பு அப்படி.

“எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்று கேட்கிறீர்கள். இருந்தது. என் தாத்தா ஆயுள் முழுக்கத் தயிர் இருந்த பந்தியில் உட்காரவில்லை. ‘கிறுக்கு’ என்று பெயர் வைத்து விட்டுவிட்டோம். அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) 1960களிலேயே இதையெல்லாம் ஆராய்ந்தார். ஒலியும் தொடுகையும் சிலருக்கு அளவுக்கு மீறி உறைப்பதை 2013இல் மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்-5, ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்தது. உடனே “அப்போ ஆட்டிசமா?” என்று ஆரம்பிக்க வேண்டாம். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் இது உண்டு.

“வளர்ப்பு சரியில்லை.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்து நாள் விரதமிருந்து யாருக்காகப் பால்செம்பு சுமந்தேன் என்று முருகனுக்குத் தெரியும்.

“பழக்கினால் பழகும்” என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாங்களும் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். முதலில் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது, பிறகு விரலால் தொடுவது, முகர்வது. வேண்டாமென்றால் அவனே தள்ளிவைக்கலாம். ஒரு துண்டு கேரட் உதட்டைத் தொட நான்கு மாதம் ஆனது. திணித்துப் பார்த்தவளும் நான்தான். மூன்று வயதில் அவன் மூக்கைப் பிடித்துப் பருப்புச் சோறு ஊட்டினேன். அதற்குப் பிறகு, அதுவரை ஆசையாகத் தின்ற வாழைப்பழத்தையும் விட்டுவிட்டான். அந்தப் பழம் இன்னும் திரும்பி வரவில்லை.

2024 ஜனவரி 15, பெலால் புயல் ஞாபகம் இருக்கிறதா? தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவில் கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நாங்கள் நடுங்கிக் கிடந்தோம், அவன் அந்தக் காற்றுச் சத்தத்தில் அசந்து தூங்கினான். பத்தே நாளில் அந்த வருஷக் காவடி வந்தது. மேளத்தின் முதல் அடிக்கே என் சேலைக்குள் புகுந்து உடம்பெல்லாம் நடுங்கினான். அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது: ஒரே சீராக வரும் சத்தம் அவனை ஒன்றும் செய்யாது, திடீரென்று வெடிப்பதுதான் தாங்காது. பெற்றவளுக்கே அத்தனை வருஷம் ஆனது. உங்களுக்கு உடனே புரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கையை மட்டும் எடுங்கள் என்கிறேன்.

இப்போது யாராவது கிட்டே வந்தாலே வாயை மூடிக்கொள்கிறான். நேற்று அவன் தாத்தா, என் அப்பா, முத்தம் கொடுக்கக் குனிந்தார், அதற்கும் மூடிக்கொண்டான். அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வீடியோவை இன்னும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவன் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது.