வேக்கம் போட்டாச்சுங்ணா!

அரைமணி நேரம். நான் கேட்டது அவ்வளவுதான். சொத்தையா எழுதிக் கேட்டேன்?

கார் ஏசியில, கேஸைக் குளிர வெக்கிற கண்டென்சர் மாத்தின வண்டி. ராத்திரி முழுக்க குழாயெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்திருக்கு. உள்ள பூரா காத்து, காத்தோட ஈரம். அதை மொத்தமா உறிஞ்சி எடுத்துட்டுத்தான் ஏசி கேஸ் ஏத்தணும். அந்த உறிஞ்சலுக்குப் பேருதான் வேக்கம். பம்ப் போட்டு அழுத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினா, அடுப்பே இல்லாம உள்ள இருக்கிற தண்ணி நம்ம ஊர் சூட்டுலயே கொதிச்சு ஆவியாகி வெளிய வந்துரும். ஆனா உடனே வராது. ஆயில்ல ஊறின ஈரம் மெதுவாத்தான் கழலும். அரைமணி, முக்கால் மணியாவது பம்ப் ஓடணும். அப்புறம் வால்வை மூடிட்டு, அழுத்தம் காட்டற கேஜு முள்ளு திரும்புதான்னு உக்காந்து பாக்கணும். திரும்பினா, ஒண்ணு லீக்கு இருக்கு, இல்ல ஈரம் மிச்சம் இருக்கு.

நம்ம ஏசி மெக்கானிக்கு நீலக் குழாய், சிவப்புக் குழாயை வண்டியில மாட்டினாரு. மஞ்சளை பம்ப்புல சொருகி சுவிட்சைப் போட்டாரு. முள்ளு விறுவிறுன்னு இறங்குச்சு. அந்த நேரம் பாத்து அவருக்கு மச்சான்கிட்ட இருந்து போன். காது குத்து, கிடா வெட்டு, யார் யாருக்குப் பத்திரிகை வெக்கிறது. நான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டு நிக்கறேன். மச்சான், தயவு செஞ்சு வெச்சுராதீங்க. பந்தியைப் பத்திப் பேசுங்க. சீரைப் பத்திப் பேசுங்க. பங்காளிச் சண்டை பாக்கி இருந்தா இப்பவே தீர்த்துக்கங்க, இன்னும் இருபது நிமிசம் ஓடணும். பாவி மனுசன், "சரி, நேர்ல பேசிக்கலாம்"னு வெச்சுட்டாரு.

"வேக்கம் போட்டாச்சுங்ணா."

"இப்பத்தானே போட்டீங்க?"

"முள்ளு முப்பதுல நிக்குது பாருங்க. இதுக்கு மேல எங்க போகும்?"

முப்பதாம்! கடல் மட்டத்துலயே முழு வேக்கம் பாதரசக் கணக்குல 29.92 இஞ்ச்தான். சேலம் அதுக்கும் 280 மீட்டர் போல மேல இருக்கு, இங்க 29ஐ ஒட்டி நின்னாலே பெரிய விசயம். இதே பம்ப்பை ஏற்காட்டுக்குத் தூக்கிட்டுப் போய் 1,500 மீட்டர் உசரத்துல ஓட்டினா 25 பக்கத்துலயே நின்னுரும். அப்ப இந்த முப்பது எங்க இருந்து வந்துச்சு? கேஜும் அவரை மாதிரியே வாய்க்கு வந்ததைச் சொல்லுது. சரி, முள்ளு சரியாவே நின்னாலும், காத்து போயிருச்சுன்னுதான் அர்த்தம். ஈரம் போச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

"இன்னும் கொஞ்சம் ஓடட்டுங்க"ன்னு கெஞ்சினேன். சலிச்சுக்கிட்டே சுவிட்சுல இருந்து கையை எடுத்தாரு. கரண்டு போயிருச்சு.

வால்வு திறந்தே கிடக்கு. நின்ன பம்ப் வழியா காத்து திரும்ப உள்ள போகுது. முள்ளு என் கண்ணு முன்னாடி நகருது. காட்டினா, "கேஜு பழசுங்ணா, அப்படித்தான் ஆடும்"ங்கறாரு. முப்பது காட்டினப்ப அது சாமி வாக்கு, திரும்பினா பழசு!

கரண்டு இல்லாட்டி பம்ப்தானே ஓடாது, கேஸ் ஏறுமே? ஏத்திட்டாரு. எத்தனை கிராம்னு பானெட்டுக்குள்ள ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு. தராசு எங்கன்னேன். "கைக்கணக்குங்ணா." கொலுசுல ஒரு திருகாணி கூடினாலும் நிறுத்துக் காட்டற செவ்வாய்ப்பேட்டை இருக்கிற ஊருல கைக்கணக்கு! பழைய கண்டென்சர்ல ஒழுகினது போக மிச்சமிருந்த கேஸை முந்தின நாள் புஸ்ஸுன்னு ரோட்டுல திறந்து விட்டாரே, அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும். ஆர்134ஏங்கற அந்த ஏசி கேஸு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கற சாமான். சேலம் வெயில் பத்தலைன்னு நினைச்சிருப்பாரு.

பில்லுல மட்டும் 'வேக்கம்'னு தனி வரி. அதுக்குத் தனிக் காசு.

அஸ்தம்பட்டி, கோரிமேடு வரைக்கும் சில்லுன்னு வந்துச்சு. ஏற்காட்டு மலை அடிவாரம் வந்ததும் வெதுவெதுன்னு ஆயிருச்சு. மிச்சமிருந்த ஈரம், கேஸைப் பீய்ச்சிக் குளிர வெக்கிற எக்ஸ்பான்ஷன் வால்வோட பொடி ஓட்டையில பனியா உறைஞ்சு அடைச்சுக்குது. வண்டியை நிறுத்தினா உருகிரும். அப்ப பட்டறைக்குத் திருப்பிக் கொண்டு போய், அவரு டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் நிறுத்திட்டு, ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா என்ன ஆகும்? ஊட்டி மாதிரி அடிக்குது. "நல்லாத்தானே இருக்குங்ணா?" பக்கத்துல நின்ன பொடியன் என்னை ஒரு மாதிரி பாக்கறான். அந்த ஈரம் ஆயிலோடயும் கேஸோடயும் சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரை அரிச்சு முடிச்சதும், "கம்ப்ரஸர் போயிருச்சுங்ணா"ன்னு சொல்லப் போறதும் இதே வாய்தான்.

கடைசியா ஒரு யோசனை வேற சொன்னாரு. "மலைக்குத்தானே போறீங்க, எதுக்குங்ணா ஏசி? கண்ணாடியை இறக்கி விட்டுட்டுப் போங்க. இயற்கைக் காத்து!"

இறக்கினேங்க. இருபது கொண்டை ஊசி வளைவுல பாதிகூட ஏறலை, முன்னால போன வேனோட டீசல் புகை பூரா என் மூஞ்சியிலதான். அந்த வேன்காரங்க குரங்குக்கு சிப்ஸ் போடறேன்னு நடுரோட்டுல நிறுத்திட்டாங்க. பின்னால வரிசையில நானும் நின்னேன். திறந்திருந்த ஜன்னல் வழியா ஒரு குரங்கு சாவகாசமா கையை விட்டு, வீட்டுக்கு வாங்கின தட்டுவடை செட்டைப் பொட்டலத்தோட தூக்கிட்டுப் போயிருச்சு. சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியலை, சிரிச்சுட்டேன். ஏனுங்க, இந்தக் குரங்குகளுக்கு சிப்ஸ் போட்டுப் பழக்கினது யாருங்க? அவனைத்தான் நான் இப்பத் தேடிக்கிட்டு இருக்கேன்.