பல்லனுக்குக் கதவு திறக்கத் தெரியும்

அக்கா மகன் போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒரு வீடியோ கேமை வைத்துச் சண்டை ஆரம்பித்துவிட்டது. “ரெசிடென்ட் ஈவில் 3 ரீமேக் செமயா இருக்கு மாமா. நீங்கதான் சும்மா அந்தக் காலம் அந்தக் காலம்னு சொல்லிட்டிருக்கீங்க.” ஒரே ராத்திரியில் முடித்துவிட்டானாம். ஒரே ராத்திரியில் முடிந்ததுதானடா என் புகாரே என்றேன். முறைத்தான்.

1999-ல் வந்த ஒரிஜினலை நான் ஆடியது தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்துக் கடையில். மணிக்குப் பத்து ரூபாய். கடைக்கே ஒரு மெமரி கார்டுதான். நாம் ஆட்டத்துக்குள் மை ரிப்பன் தேடி, டைப்ரைட்டரைக் கண்டுபிடித்து சேவ் பண்ணிவிட்டுப் போவோம். மறுநாள் வந்தால் எவனோ கார் ரேஸ் ஆடி அதன் மேலேயே பதிந்து வைத்திருப்பான். ஆட்டத்தில் நம்மைத் துரத்துகிற ராட்சதனின் நெமிசிஸ் என்ற பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. உதடில்லாமல் பல் முழுக்க வெளியே தெரிந்ததால் அவன் எங்களுக்குப் பல்லன்.

பழைய ஆட்டத்தில் கதவைத் திறந்தால் திரை கறுத்து, கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். லோடிங்கை மறைக்கச் செய்த வேலைதான். ஆனால் முதல் இரண்டு பாகங்களை ஆடியவர்களுக்கு அந்தக் கதவு ஒரு நிம்மதி. துரத்துகிற ஜாம்பி பெரும்பாலும் அந்தப் பக்கமே நின்றுவிடும். மூன்றாம் பாகத்தில் முதல் தடவை பல்லனிடமிருந்து ஓடி, கதவைத் தாண்டி, அப்பாடா என்று கன்ட்ரோலரைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு திறந்தது. “ஸ்டார்ஸ்...” என்று, நாயகி ஜில்லின் போலீஸ் படைப் பெயரைச் சொல்லும் அந்தக் குரல். பக்கத்து டிவியில் ஆடிக்கொண்டிருந்தவனும் சேர்ந்து கத்தினான்.

2020 ஏப்ரலில், ஊரே அடங்கிக் கிடந்தபோது ரீமேக் வந்தது. முதல் ஒரு மணி நேரம் பிரமாதம், மறுக்கவில்லை. ஜில்லின் வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு பல்லன் வருகிற காட்சியில் நானே பின்னால் சாய்ந்தேன். அவளுக்குத் துணையாக வருகிற கார்லோஸும் பழையதைவிட மனுஷனாக இருக்கிறான். ஆனால் நகரத் தெருக்களைத் தாண்டியதும் பல்லன், எழுதி வைத்த இடத்தில் வந்து எழுதி வைத்தபடி அடி வாங்கிப் போகிறான். துரத்துகிறவன் எப்போது வருவான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்?

கடிகாரக் கோபுரத்தைக் கழற்றிவிட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை. பழையதில் அதற்குள் சுற்றி, புதிர்களை அவிழ்த்து, மணியை அடித்து ஹெலிகாப்டரை வரவழைப்போம். தப்பித்தோம் என்று நினைக்கிற நொடியில் பல்லன் ராக்கெட்டால் அதைச் சுட்டு வீழ்த்துவான். புதியதில் கோபுரம் ஒரு சண்டைக்குப் பின்னணி, அவ்வளவுதான். பூங்கா இல்லை. இக்கட்டில் ‘இதா, அதா’ என்று நம்மையே முடிவெடுக்கச் சொல்லும் கட்டங்களும் இல்லை.

ரீமேக் என்றாலே எனக்கு ஆகாது என்றில்லை. அதே கேப்காம் கம்பெனி 2019-ல் இரண்டாம் பாகத்தை என்ன அழகாகச் செய்தது! பழையதில், ஒரு தடவை முடித்துவிட்டு ஆடும் இரண்டாவது சுற்றில்தான் தலைகாட்டுகிற மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சதனை, முதல் சுற்றிலேயே போலீஸ் ஸ்டேஷன் முழுக்க நடக்கவிட்டார்கள். அவன் பூட்ஸ் சத்தம் மேல்மாடியிலா, பக்கத்து அறையிலா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஆட வேண்டும். என்னைக் கேட்டால் 1999-ன் பல்லன் 2019-ல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். 2020-ல் அவன் பெயரை மட்டும் வேறு ஒருவனுக்கு வைத்துவிட்டார்கள்.

பேசிப் பயனில்லை என்று ஒரிஜினலையே அக்கா மகனுக்குப் போட்டுக் கொடுத்தேன். 2024-ல், கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் பழைய மூன்று பாகங்களும் வந்துவிட்டன. முதல் அரை மணி நேரம் ஒரே புலம்பல். மேல் பட்டனை அழுத்தினால் ஜில் மேலே போகாமல் முகம் பார்க்கிற திசையில் போகிறாள், கேமரா நம்மோடு வராமல் மூலையில் நிற்கிறது, முகமெல்லாம் களிமண் பொம்மை. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில் ஜன்னலை உடைத்துக்கொண்டு பல்லன் குதித்தான். இவன் ஓடி ஒரு கதவுக்குள் புகுந்தான்.

நான் காபி போட்டு எடுத்து வந்தபோதும் ஜில் அதே அறையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். “மாமா, அவன் வெளியதான் நிக்கறானா?” என்றான். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, போய்த்தான் பாரேன் என்றேன்.